ஊர்வலத்துக்கு வராத ஆப்

செஹா சந்திப்பில் பிரிமித்திவா சுக்கிமியாவின் குரலுக்குக் காதை நிமிர்த்தாத நாய் கிடையாது. மினிபஸ் ஜன்னலில் இடுப்புவரை வெளியே தொங்கிக்கொண்டு, "பிராதோ, பிராதோ, பெரெஸ், பெரெஸ்!" என்று நிறுத்தப் பெயர்களை அவள் கூவினால், மலைக்குக் கீழே லா பாஸுக்குப் போக வேண்டியவர்கள் ஏறுவார்கள். போக வேண்டாதவர்களும் ஏறிவிடுவார்கள். மேலே எங்கள் எல் ஆல்த்தோவிலேயே பல் பிடுங்க வந்த ஒரு பெரியவர், அவள் கத்தலில் பதறி வண்டியேறி, கீழே போய் வேறு வைத்தியரிடம் வேறு பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார். அவரை எனக்குத் தெரியும். பிறகு அந்தப் பல்தான் கெட்ட பல் என்று தெரிந்ததாம்.

என் பெயர் இலாரியா. அதே சந்திப்பில், நடைபாதையில், போனுக்கு உறை மாட்டி, கண்ணாடி ஒட்டிக் கொடுக்கும் கடை எனக்கு. பிரிமித்திவா வேலை பார்த்த மினிபஸ் என் கடைக்கு எதிரேதான் நிற்கும். அதனால் நடந்தது பாதி என் கண் முன்னால் நடந்தது, மீதி என் தலையில் விடிந்தது.

அவளுக்கு ஒரு கணவன் இருந்தான், ஃபுல்ஹென்சியோ போமா. திருவிழா நடனக்காரர்களின் உடைகளில் ஜரிகைப் பாம்பும் பல்லியும் தைக்கிறவன். ஊசி விழுந்தால் சத்தம் கேட்க வேண்டும் அவனுக்கு. பிரிமித்திவா வீட்டுக்குள் இருக்கும்போது இடியே விழுந்தாலும் கேட்காது. ஒரு நாள் பிற்பகல் முழுக்க அவள் திட்டியதை அவன் தன் போனில் பதிவு செய்து, வட்டார சபையில் கொண்டுபோய் ஒலிக்கவிட்டான். சபைப் பெரியவர்கள் சிறிது நேரம் கேட்டார்கள். பிறகு ஒருவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிரிந்து வாழட்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று. நியாயம் என்றால் இரு தரப்புக்கும் நியாயம் என்பதால், பதிவின் ஒரு பிரதியை அவள் போனிலும் ஏற்றிக் கொடுத்தார்கள். ஃபுல்ஹென்சியோ மூட்டை கட்டிக்கொண்டு கீழ் நகரத்துக்குப் போய்விட்டான்.

அவள் குரல் போனது ஒரு போட்டியில். வட்டாரத் திருவிழாவன்று பித்தளை வாத்தியக் கோஷ்டி ஒன்று அவள் மினிபஸ்ஸுக்கு முன்னால் நின்று ஊதிக்கொண்டிருந்தது. ஒதுங்கச் சொன்னாள். ஒதுங்கவில்லை. பெரிய தூபா ஊதுகிறவன் அவளைப் பார்த்துக் கண்ணடித்து இன்னும் ஓங்கி ஊதினான். அவள் ஜன்னலில் ஏறி நின்று "பெரெஸ்" என்று ஒரே ஒரு தடவை கத்தினாள். கோஷ்டி தாளம் தப்பி நின்றது. டிரம் அடிக்கிறவன் குச்சியைக் கீழே போட்டான். அவள் ஜெயித்துவிட்டாள். ஆனால் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது.

மழைக்காலம் முடியும்வரை ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்றார் மருத்துவர். ஊமை கூவுகிறவளை வைத்துக்கொண்டு மினிபஸ் என்ன செய்யும்? ஓட்டுநர் செனோன் நல்ல மனிதர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, தொண்டை வந்ததும் நீயும் வந்துரு" என்று சொல்லி இறக்கிவிட்டார். அவள் என் கடையில் வந்து உட்கார்ந்தாள்.

பேச முடியாததால் எழுதியதைப் படித்துக் காட்டும் வசதி ஒன்றைப் போனில் கண்டுபிடித்தாள். அந்த வசதியில் பேசியவள் ஸ்பெயின் நாட்டுச் சீமாட்டி போலிருக்கிறது. பிரிமித்திவா 'கொஞ்சம் தள்ளு' என்று தட்டினால், போன் சொல்லும்: "அன்புடையீர், சற்றே நகர்ந்து அமர்வீராக." நான் எழுந்து நின்றேவிடுவேன்.

"ஏன்டி, உனக்கு இந்த ராணியம்மா குரலே போதுமே. இதையே வண்டியில வச்சுக் கூவ விடேன்" என்று நான்தான் சொன்னேன். விளையாட்டாகச் சொன்னது. அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் போனைப் பார்த்தாள். அன்றிலிருந்து கற்றுக்கொள்ளத் தொடங்கினாள்.

கணினி கிடையாது. இருந்தது அந்தப் போன்தான், அதிலும் வலது மூலை உடைந்தது. மெக்ஸிகோவில் ஒரு பையன் மின்னல் வேகத்தில் பேசி ஆப் எழுதக் கற்றுக்கொடுக்கும் வீடியோக்களை, என் கடையின் தார்ப்பாய்க்கு அடியில், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு பார்ப்பாள். ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளி வைக்க வேண்டுமாம். அவள் போனில் அரைப்புள்ளி இருந்த இடம்தான் உடைந்த மூலை. யாரோ அனுப்பிய இரங்கல் செய்தி ஒன்றிலிருந்து ஒரே ஒரு அரைப்புள்ளியை நகலெடுத்து, அதையே எல்லா வரியின் முடிவிலும் ஒட்டினாள். அவளுடைய முதல் ஆப் முழுக்க ஓடுவது செத்துப்போன யாரோ ஒருவருக்கான அரைப்புள்ளியில்தான்.

தவறு வந்தால் திரையில் சிவப்புக் கோடு வரும். முதலில் அதைப் பார்த்து முகம் சிவப்பாள். திட்ட முடியாதே, அதனால் என் கடை உறைகளை நிறவாரியாக அடுக்குவாள். மழைக்காலம் பாதி போனபோது என் கடையைப் போல அடுக்கான கடை செஹாவிலேயே இல்லை. அவளுக்கும் ஆப் எழுதத் தெரிந்திருந்தது.

முதல் ஆப்பை செனோனின் வண்டியில் வைத்தாள். கதவு திறந்ததும் சீமாட்டி பேசினாள்: "மேன்மை தங்கிய பயணிகளே, பெரெஸ் சதுக்கம் செல்ல விழைவோர் ஏறுவீராக." நிறுத்தத்தில் நின்ற கூட்டம் கலைந்து ஓடியது. எவனோ அரசாங்கத்து ஆள் ஆவணம் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். நடைபாதையில் ஆரஞ்சு விற்றவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அன்று வரவேயில்லை.

"தங்கச்சி, ஜனங்களுக்கு மரியாதை ஒத்துக்கல" என்றார் செனோன்.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பதிவு ஞாபகம் வந்தது. ஒரு பிற்பகல் முழுக்க அவள் குரல், முழு பலத்தோடு, போனுக்குள் சும்மா கிடக்கிறது. ஆனால் அதில் ஊர்ப் பெயர் ஒன்றுமில்லை, எல்லாம் வசவு. அவள் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினாள். எங்கள் பேச்சில் சோம்பேறிக்குப் 'பெரெசோசோ' என்று பெயர். வாலை வெட்டினாள், பெரெஸ் கிடைத்தது. மெழுகுவர்த்தி 'வாங்கினாயா' என்று கேட்டிருந்தாள், 'கொம்பிராதோ'. தலையை வெட்டினாள், பிராதோ கிடைத்தது. கணவனைச் செம்மறியாட்டுக்கு ஒப்பிட்ட 'ஒவேஹா'விலிருந்து ஒரு துண்டு, வேறெங்கோ ஒரு துண்டு, இரண்டையும் ஒட்டினால் செஹா. மெக்ஸிகோப் பையனின் எந்த வீடியோவிலும் இந்தப் பாடம் இல்லை.

ஊர்ப் பெயர்கள் கிடைத்துவிட்டன. கோபம் மட்டும் உள்ளேயே இருந்தது. வண்டியிலிருந்து "பெரெஸ்!" என்று வந்தால், அது ஒரு சதுக்கத்தின் பெயராகக் கேட்காது. எப்போதோ செய்த தப்பு வெளியே வந்துவிட்டது போலக் கேட்கும். ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று ஏறினார்கள். கடைசி இருக்கைவரை தாங்களாகவே நெருங்கி உட்கார்ந்தார்கள். யாரும் சில்லறைக்குச் சண்டை போடவில்லை. ஒரு மனிதர் கேட்காமலே தன் காலணியைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

வாரம் திரும்புவதற்குள் எங்கள் தடத்து ஓட்டுநர்கள் எல்லோரும் என் கடை முன்னால் வரிசையில் நின்றார்கள்.

"எனக்கும் அந்தத் திட்டுற ஆப்பு போட்டு விடுங்கக்கா."

சீமாட்டி பதில் சொன்னாள்: "அது திட்டுவதன்று ஐயா, அறிவிப்பு."

"அறிவிப்போ அர்ச்சனையோ, எனக்கு வேணும்."

அப்படித்தான் அவள் சொந்தத் தொழில்காரி ஆனாள். என் கடைத் தூணில் ஒரு அட்டை தொங்கியது: 'ஆப் செய்து தரப்படும். காத்திருந்து வாங்கிச் செல்லலாம்.' பக்கத்தில் சாவிக்கு நகல் போடுகிறவன் இதே வாசகம்தான் வைத்திருந்தான். ஊதா மக்காச்சோளக் கஞ்சி விற்கிறவள், கஞ்சி சூடு ஆறினால் தன்னைத் திட்டுகிற ஆப் கேட்டாள். கோக்கா இலை போட்டுக் குறி சொல்கிறவர் வந்து, வாடிக்கையாளர் கேள்வி கேட்கும்முன் பெருமூச்சு விடும் ஆப் கேட்டார். "நான் வுடுற மூச்சு இப்பல்லாம் எடுபட மாட்டேங்குதும்மா" என்றார். எல்லாம் செய்து கொடுத்தாள்.

எங்கள் சந்தையில் எதை வாங்கினாலும் கொசுறு கேட்பது வழக்கம். உருளைக்கிழங்குக்குக் கொசுறு உண்டு, வெங்காயத்துக்கு உண்டு. ஆப்புக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

"என்னக்கா, வெறும் ஆப்ப மட்டும் கையில குடுத்தா எப்படி? கொசுறு எங்க?" என்றாள் கஞ்சிக்காரி.

பிரிமித்திவா யோசித்து, ஆப்பின் மூலையில் ஒரு பச்சைப் பொத்தான் வைத்துக் கொடுத்தாள். அதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கஞ்சிக்காரி அழுத்திப் பார்த்தாள். "ஒண்ணும் ஆவலியே?"

"கொசுறு அப்படித்தானிருக்கும்" என்றாள் சீமாட்டி.

கஞ்சிக்காரிக்குத் திருப்தி. பிறகு எல்லோருக்கும் அதே கொசுறுதான். அந்தப் பச்சைப் பொத்தானுக்குத் தனி மவுசே வந்துவிட்டது. வேலைக்குக் கிளம்புமுன் அதை ஒருமுறை அழுத்தினால் நாள் நன்றாகப் போகிறது என்றார்கள். ஒரு நாள் அழுத்த மறந்த ஓட்டுநருக்கு டயர் வெடித்ததும் அது உறுதியாகிவிட்டது.

இடையில் ஒரு விபத்து நடந்தது. ஓட்டுநர்கள் போனெல்லாம் நடன வீடியோவால் நிரம்பி வழிகிறது என்று ஆப்பைச் சின்னதாக்கப் போனாள் பிரிமித்திவா. எங்கேயோ வெட்டு விலகிவிட்டது. மறுநாள் காலை நான் சரக்கு வாங்க செனோன் வண்டியில் கீழே போய்க்கொண்டிருந்தேன். வண்டி நிறைந்த கூட்டம். ஒரு திருப்பத்தில் போன் கத்தியது, வால் வெட்டாமல்:

"பெரெசோசோ! நேத்து எங்க போயிருந்த? வாயைத் திற!"

 என் பக்கத்திலிருந்த கோட்டுக்காரர் மெல்லச் சொன்னார்: "எங்கக்கா வீட்லதாங்க. சாமி சத்தியமா."

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆபீஸ்ல லேட்டாயிருச்சு."

"எனக்கு டயர் பஞ்சர்மா, கேட்டுப் பாரு வேணும்னா" என்றார் செனோன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நேரே பார்த்துக்கொண்டு.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி பக்கத்திலிருந்த புருஷனை முழங்கையால் இடித்தாள். "அந்தக்கா கேக்குறாங்கல்ல? சொல்லு. எங்க போயிருந்த?"

அவன் அடுத்த மூலையில் இறங்கி ஓடினான். அவளும் இறங்கினாள். பிரிமித்திவா அன்றைக்கே வெட்டைச் சரிசெய்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு பல நாள், பெண்கள் என் கடைக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அந்தப் பழைய ஆப்பு மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்கள்.

சங்கம் உள்ளே நுழைந்தது அப்புறம்தான். எங்கள் தடத்து மினிபஸ் சங்கத்துக்குத் தலைவர் தோன் செராப்பியோ கிஸ்பெர்ட். கல்யாணத்துக்குப் போனாலும் வருகைப் பதிவு எடுக்கிற ஆள். நகராட்சி எங்கள் நிறுத்தத்தை இரண்டு தெரு தள்ளி வைக்கப் போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியிருந்தது. அதை எதிர்த்து ஓர் ஊர்வலம் போனோம். ஊர்வலத்துக்கு வராதவர்களை மறுநாள் விசாரிப்பது எங்கள் ஊர்ச் சட்டம். ஆப் வரவில்லை.

விசாரணை சங்கக் கூடத்தில் நடந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் செனோனின் போனை வைத்தார்கள். சாய்ந்து விழாமலிருக்கச் சால்வை ஒன்றைச் சுற்றிவிட்டார்கள்.

"இந்தத் தடத்துல கூவுறவங்க எல்லாம் சங்க உறுப்பினர்" என்று தொடங்கினார் தோன் செராப்பியோ. "உறுப்பினர்னா ஊர்வலத்துக்கு வரணும். ஏன் வரல?"

போன் பேசவில்லை.

"திமிரப் பாரு" என்றார் யாரோ.

பிரிமித்திவா எழுந்தாள். மழைக்காலம் முடிந்திருந்தது. அவள் வாய் திறந்து பேசிய முதல் நாள் அது. வந்த குரல் கேட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. தகரக் கூரையில் சிட்டுக்குருவி நடப்பது போல ஒரு கீச்சுக் குரல்.

"தலைவரே, அது ஆளு இல்ல. அது வெறும் ஆப்பு."

"யாரும்மா இந்தப் பொண்ணு?" என்றார் தோன் செராப்பியோ.

"நான்தான் தலைவரே, பிரிமித்திவா."

"பிரிமித்திவா குரல் எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா கேட்டுட்டு இருக்கேன்." அவர் போனைக் காட்டினார். செனோன் பொத்தானை அழுத்தினார். கூடமே அதிர "பெரெஸ்!" என்றது போன். கடைசி வரிசையில் நால்வர் எழுந்து நின்றார்கள். "கேட்டீங்கல்ல? இதுதான் பிரிமித்திவா. பக்கத்துல கீச்சுக் கீச்சுன்னு பேசுறது அவங்க உதவியாளர் போல. உக்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இலா, நான் இங்கதான இருக்கேன்?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

தீர்ப்பு வந்தது. அடுத்த ஊர்வலத்துக்கு ஆப் வந்தே ஆக வேண்டும். நாற்பது வண்டியில் கூவுவதால் நாற்பது பேராக வர வேண்டும். சும்மா வந்தால் போதாது, "சங்கம் வாழ்க" என்று கோஷமும் போட வேண்டும், அதுவும் பிரிமித்திவாவின் உண்மையான குரலில். இல்லையென்றால் தடத்தில் ஆப் ஓடக் கூடாது.

எங்கள் பேச்சில் 'வாழ்க'வுக்கு 'விவா'. பதிவு முழுக்கத் தேடினாள். அந்தப் பிற்பகலில் அவள் யாரையும் வாழ்த்தியிருக்கவில்லை. புதிதாகக் கத்திப் பதியலாமென்றால் சிட்டுக்குருவிதான் வருகிறது. கடைசியில் ஒரு வழிதான் மிஞ்சியது. "வேற பதிவு அவன்கிட்ட இருக்கும். அவன் எதையும் தூக்கிப் போட மாட்டான்" என்றாள். இருவரும் கீழே போனோம்.

ஃபுல்ஹென்சியோ பழைய செருப்புச் சந்தை மூலையில், தெருவைப் பார்த்த ஒரு மாடி அறையில் இருந்தான். காதில் பஞ்சோடு கதவைத் திறந்தான். அவளைப் பார்த்ததும் பஞ்சை இன்னும் உள்ளே தள்ளினான்.

"எப்படி இருக்க?" என்றாள் அவள், கீச்சுக் குரலில்.

அவன் பஞ்சை எடுத்தான். "என்னாச்சு உன் குரலுக்கு?"

"போயிருச்சு."

"எங்கயும் போவல!" என்று வெடித்தான் அந்தச் சாதுவான மனிதன். "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ என் ஜன்னலுக்குக் கீழ வந்து நிக்குது. உன்னை விட்டுட்டு ஒரு தடவதான் ஓடி வந்தேன். இப்ப வண்டி வண்டியா வந்து என்னை சோம்பேறிங்குற."

"நான் பெரெஸ்னுதான் சொல்றேன்."

"அது எதுல வெட்டுனதுன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நான் எந்த மூலையில நின்னேன்னுகூட ஞாபகம் இருக்கு." அவன் ஜன்னலைக் காட்டினான். "மயில் ஒண்ணு தைக்கிறேன். ஒவ்வொரு 'பெரெஸ்'க்கும் கை நடுங்குது. மயிலு கோழியாயிருச்சு."

உண்மைதான். தையல் சட்டத்தில் ஜரிகைக் கோழி ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தேவையானதைச் சொன்னாள். அவன் தன் போனை எடுத்து நீட்டினான். பதிவுகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பெயரோடு: 'சூப்பில் உப்பு', 'அம்மா வந்த அன்று', 'தலையணை'. அவள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முதுகு நிமிர்ந்தது. "யாருடி இவ, என்னா கத்து கத்துறா" என்றாள் என்னிடம், கண் கலங்க.

"நல்ல குரல்தான்" என்றான் ஃபுல்ஹென்சியோ. "தூரமா இருந்து கேட்டா."

'தலையணை'யில் கிடைத்தது. 'நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் இந்த வீட்டில் உனக்குத் தலையணை கிடையாது' என்று ஒரு வாக்கியம். அதில் உயிரோடு இருப்பது 'விவா'. முன்னும் பின்னும் வெட்டினால் வாழ்த்து தயார்.

பதிலுக்கு அவன் கேட்டது ஒன்றுதான். தன் வீட்டருகில் ஆப் வாய் திறக்கக் கூடாது. போன் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த மூலை வந்ததும் தானாக மௌனமாகும்படி செய்ய அவள் பத்து வீடியோ பார்த்தாள். அவள் எழுதியதிலேயே நுணுக்கமான வேலை அது. முதல் தடவையே சரியாக வந்தது. அதுதான் வினையாயிற்று.

செருப்புச் சந்தை மூலையில் திடீரென்று வண்டிகள் சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் போயின. திட்டினால்தான் ஏறுவது என்று பழகிப்போன ஜனங்கள் ஏறவில்லை. தடத்தையே எடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். அந்த வட்டாரமே கூடித் தெருவை மறித்தது. கல், டயர், யாரோ கொடுத்த ஒரு சோபா. 'எங்கள் அக்காளைத் திருப்பிக் கொடு' என்று பதாகை வேறு.

இது எங்களுக்குத் தெரியாது. அதே நாள் காலை மேலேயிருந்து எங்கள் ஊர்வலம் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பது ஓட்டுநர்கள் நாற்பது போன்களைத் தலைக்குமேல் பிடித்திருந்தார்கள். "விவா!" என்று நாற்பதும் ஒருசேரக் கத்தின. தலையணை மறுத்த கோபம் மலைச் சரிவில் உருண்டு வந்தது. சாலையோர ஜனங்கள் நடுநடுங்கி, "வாழ்க, வாழ்க" என்றார்கள். தோன் செராப்பியோவின் கண்ணில் தண்ணீர். "பாத்தியாம்மா, உங்க அக்கா எப்படிக் கத்துறாங்க" என்றார் பிரிமித்திவாவிடம். 

செருப்புச் சந்தை மூலையை அடைந்தோம். மறியல்காரர்கள் சோபாமேல் ஏறி நின்றார்கள். நாற்பது போனும் "வி" என்றன. அத்தோடு நின்றுவிட்டன.

இரு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றது. இப்படி வாய் மூடிக் கையை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அரசாங்க ஆட்களாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சந்தேகம். ஒருவன் கல்லை எடுத்தான்.

"கத்துங்கய்யா!" என்றார் தோன் செராப்பியோ.

"நாங்க கத்தி ரொம்ப நாளாச்சு தலைவரே. தொண்டை வரமாட்டேங்குது" என்றார் செனோன்.

பிரிமித்திவா முன்னால் போய்ச் சோபாவுக்கு எதிரே நின்று, உள்ள பலமெல்லாம் சேர்த்துக் கத்தினாள். ஒரே ஒரு நாய் திரும்பிப் பார்த்தது. அதுவும் ஆளை அடையாளம் தெரியாமல் படுத்துவிட்டது.

அப்போது மேலே ஜன்னல் திறந்தது. ஃபுல்ஹென்சியோ, கையில் ஊசியோடு. கீழே அவளைப் பார்த்தான், கல் வைத்திருந்தவனைப் பார்த்தான். அப்புறம் வாயைத் திறந்து "விவா!" என்றான். அவளுடைய அதே ஏற்றம், அதே கோபம். கேட்டுக் கேட்டே மனப்பாடமாகிவிட்டது போல. ஆனால் அவனுக்கு அது வெட்டாத பாடம். அந்தச் சொல்லோடு நிறுத்தத் தெரியவில்லை. நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் உனக்குத் தலையணை கிடையாது, சூப்பில் உப்பு எங்கே, மெழுகுவர்த்தி வாங்கினாயா என்று மடை திறந்துவிட்டது.

"உப்பு எங்கே?" என்று திருப்பிக் கத்தினார் தோன் செராப்பியோ. கோஷம் என்று வந்தால் பதில் கோஷம் போடாமல் அவரால் இருக்க முடியாது.

"உப்பு எங்கே!" என்றது ஊர்வலம். "உப்பு எங்கே!" என்றது மறியல்.

இரண்டும் கலந்து ஒரே கூட்டமாகி, நகராட்சி அலுவலகம்வரை போனது. வாசலுக்கு ஓர் அதிகாரி வந்தார். கூட்டம் ஒரே குரலில், "நேத்து எங்க போயிருந்த? வாயைத் திற!" என்றது.

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "கூட்டத்துல இருந்தேங்க" என்றார். பிறகு, நிறுத்தத்தை ஒருபோதும் மாற்ற மாட்டோம் என்று உறுதி சொன்னார். மாற்றும் எண்ணம் அங்கே யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் வெற்றி வெற்றிதான். சோபாவில் தோன் செராப்பியோவை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

அவர்கள் மறுபடி சேர்ந்தார்களா என்று கேட்பார்கள். இல்லை. ஃபுல்ஹென்சியோ இப்போது காலையில் தன் ஜன்னலிலிருந்தே அந்த மூலைக்குக் கூவுகிறான். ஆப் மௌனமாகும் இடத்தில் அவன் தொடங்குகிறான். சங்கம் உறுப்பினர் அட்டை கொடுத்திருக்கிறது. கத்திப் பழகியதில் கை நடுக்கம் நின்று, மயில்கள் மயிலாகவே வருகின்றன என்கிறான். பிரிமித்திவா வேறு ஊர்களுக்கும் ஆப் எழுதுகிறாள். தன் புதுக் குரலும் அவளுக்குப் பழகிவிட்டது. பக்கத்தில் வந்து காது கொடுத்துக் கேட்கிறார்கள், முன்னால் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றாள்.

போன ஜனவரியில் சாந்தா குரூஸ் நகரத்தில் ஒரு சரக்கு நிறுவனம் லாரிகளுக்கு ஆப் கேட்டு அவளுக்குச் செய்தி அனுப்பியது. எங்கே படித்தீர்கள், பட்டத்தின் படம் அனுப்புங்கள் என்றார்கள். அது அலாசித்தா சந்தை நடக்கும் சமயம். அந்த வருடம் எது வேண்டுமோ அதைப் பொம்மை அளவில் வாங்கி, நண்பகலில் பூவிதழ் தூவி, பீர் தெளித்து, ஆசி பெற்று வைத்தால் அது நிஜமாக வரும். வீடு விற்பார்கள், கார் விற்பார்கள், பட்டமும் விற்பார்கள். அவள் தன் பெயர் எழுதிய பொறியாளர் பட்டம் ஒன்று வாங்கினாள். தீப்பெட்டி அளவு. சாம்பிராணி காட்டி, படம் பிடித்து அனுப்பினாள்.

'முத்திரை மிகத் தெளிவாக இருக்கிறது. நேரில் கொண்டுவரவும்' என்று பதில் வந்தது.

"போவாதடி" என்றேன் நான்.

"பொய் சொல்லலியே. பட்டம்தான கேட்டாங்க. அளவு கேக்கலியே" என்றாள்.

பஸ் பிடித்துப் போனாள். மேலாளர் பட்டத்தை உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, கழற்றியும் பார்த்தாராம். அவர் மேசையில், காகிதங்கள் பறக்காமலிருக்க, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பொம்மை லாரி நின்றதாம், மேலே காய்ந்த பூவிதழ் ஒட்டியபடி.

"இது எப்பம்மா பெருசாகும்?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்க லாரி எத்தனை நாள்ல ஆச்சுங்க?"

"மூணு வருஷம் ஆச்சு. விடாம பீர் ஊத்தணும்."

திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டார். கிளம்பும்போது மட்டும் ஒன்று கேட்டாராம், எல்லா ஆப்புக்கும் ஏதோ பச்சைப் பொத்தான் கொடுக்கிறீர்களாமே, எங்களுக்கு இரண்டாகக் கிடைக்குமா என்று.